காற்றையும் மணலையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்

மாவட்டத்தில் பேஸ்பால் போட்டிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அவற்றில் நிற்கும் அம்பயர்களுக்கும்,

போன போட்டி முடிந்த கையோடு அணிகளுக்கு நீங்கள் அனுப்பிய அறிவிப்பில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. இனி விதிப்புத்தகத்தில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அமலாகும். ஆட்டத்துக்கு முன்னால் அந்தந்த மைதானத்துக்கான தனி விதிகளைப் பேசும் வழக்கம் நிறுத்தப்படுகிறது. அம்பயர் தீர்ப்புச் சொன்ன பிறகு எந்த முறையீடும் கேட்கப்படாது. இந்த மூன்றையும் எங்களால் ஏற்க முடியாது. தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பவர்கள், ஸ்கோர் எழுதுபவர்கள், ஆள் இல்லாதபோது அம்பயராகவும் நிற்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

எந்த விதியையும் தளர்த்துங்கள் என்று கேட்க வரவில்லை. விதிப்புத்தகத்தை முழுவதும் படியுங்கள் என்று கேட்க வந்திருக்கிறோம். மைதானம் எப்படி இருக்கிறது பார், காற்று எப்படி அடிக்கிறது பார், ஆடுகிறவரின் நோக்கம் என்ன பார் என்று அம்பயருக்கு அந்தப் புத்தகமே பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து என்று அறிவித்துவிட்டு அந்த எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டால், அமலாவது பாதிப் புத்தகம்தான்.

கடந்த போட்டியில் ஹோம் ரன் ஒன்று (அடித்தவர் ‘பேஸ்’ எனப்படும் நான்கு இடங்களையும் சுற்றிவரும் அடி) அவுட் ஆக மாறியதே, அதிலிருந்து தொடங்குகிறோம். வியர்த்த கையில் மட்டை வழுக்காமல் இருக்க, சைக்கிள் டியூபை ரிப்பன் ரிப்பனாக வெட்டிக் கைப்பிடியில் சுற்றி, அதன்மேல் துணி டேப் ஒட்டுவது இந்தப் பக்கத்து அணிகளில் பழக்கம். கடையில் வாங்கும் கிரிப், உப்புக்காற்றில் சீக்கிரமே பசை விட்டுச் சுருண்டுவிடும். அப்படிச் சுற்றிய அலுமினிய மட்டையால் ஒரு பையன் அடித்த பந்து எல்லையைத் தாண்டிப் போனது. முதல் பேஸில் நின்றவரும் அவரும் சுற்றிவந்து கடைசி இடமான ஹோம் பிளேட்டை மிதித்தார்கள். அதன் பிறகுதான் எதிரணி கை தூக்கியது. இஞ்சு டேப் கொண்டுவந்து அளந்தார்கள். 18 அங்குலத்துக்குள் நிற்க வேண்டிய துணி டேப் ஒன்றேகால் அங்குலம் மேலே ஏறியிருந்தது. அம்பயர் பேட்டருக்கு அவுட் கொடுத்தார். இரண்டு ரன்னும் போயின. ஆட்டமும் போனது.

18 அங்குலம் என்பது விதிதான், மறுக்கவில்லை. மட்டையைப் பற்றிய 3.02ஆம் விதியில் அது இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே ஒரு குறிப்பும் இருக்கிறது. அளவு மீறிய மட்டையை ஆட்டத்தில் இருந்து எடுத்துவிட வேண்டும். அதே சமயம், அந்த மட்டையால் அடித்த பிறகுதான் மீறல் தெரியவந்தது என்றால், அதைக் காரணமாக வைத்துப் பேட்டரை அவுட் ஆக்கவும் கூடாது, வெளியே அனுப்பவும் கூடாது. அடிப்பதற்கு முன் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் அந்த அடியில் நடந்தது எதுவும் ரத்தாகாது. இதுவும் அதே பக்கத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துதான்.

அந்தக் குறிப்பின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1983 ஜூலை 24 அன்று நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில், கான்சாஸ் சிட்டி அணியின் ஜார்ஜ் பிரெட் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். 3க்கு 4 என்று பின்தங்கியிருந்த அணி 5க்கு 4 என்று முந்தியது. நியூயார்க் அணியின் மேலாளர் பில்லி மார்ட்டின், மட்டையில் பிடிமானத்துக்காகப் பூசியிருந்த பைன் தார் அளவு மீறியிருப்பதாக முறையிட்டார். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அம்பயர் மட்டையை அதன்மேல் படுக்க வைத்து அளந்து பார்த்துவிட்டு பிரெட்டுக்கு அவுட் கொடுத்தார். கான்சாஸ் சிட்டி முறையிட்டது. அமெரிக்கன் லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் அந்த முறையீட்டை ஏற்றார். தார் கூடுதலாக இருந்ததால் பந்து கூடுதல் தூரம் போய்விடாது, அந்த விதி வந்த நோக்கம் வேறு, மட்டையை அகற்றியிருந்தால் போதும் என்பது அவர் தீர்ப்பு. ஹோம் ரன் திரும்பக் கிடைத்தது. ஆகஸ்ட் 18 அன்று ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தார்கள். கான்சாஸ் சிட்டி 5க்கு 4 என்று வென்றது. ஒரு லீக்கின் தலைவரே தலையிட்டுத் தீர்த்துவைத்த வழக்கை, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நம் மைதானத்தில் அதே தவறோடு திரும்ப ஆடியிருக்கிறோம்.

இனி இன்ஃபீல்ட் ஃப்ளை, அதாவது பேஸ்களின் பக்கமாக மேலே எழும்பும் பந்து பற்றிய விதி. மணலும் காற்றும் உள்ள ஊரில் அதிகம் கெடுவது இந்த ஒரு விதிதான், அதனால் சற்று நீளமாகவே சொல்கிறோம்.

இரண்டு அவுட் ஆவதற்கு முன், முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ரன்னர்கள் நிற்கிறார்கள், அல்லது மூன்று பேஸும் நிறைந்திருக்கிறது. பேட்டர் பந்தை மேலே தூக்கிவிட்டார். எப்படியும் பிடித்துவிடுவார்கள் என்று ரன்னர்கள் பேஸை விட்டு நகராமல் நிற்பார்கள். ஃபீல்டர் அதை வேண்டுமென்றே கீழே விட்டால், பேட்டர் முதல் பேஸுக்கு ஓடிவருவதால் ரன்னர்கள் இடம் விட்டு ஓடியே ஆக வேண்டும். அவர்கள் காலை எடுத்து வைப்பதற்குள் மூன்றாம் பேஸுக்கும் அங்கிருந்து இரண்டாம் பேஸுக்கும் எறிந்து இரண்டு பேரை அவுட் ஆக்கிவிடலாம். இந்தச் சூழ்ச்சிக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான், பந்து மேலே இருக்கும்போதே அம்பயர் ‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ என்று கூவிப் பேட்டரை அவுட் ஆக்குகிறார். அதோடு ரன்னர்களுக்கு ஓட வேண்டிய கட்டாயம் போய்விடும். ஓட விரும்பினால் அவரவர் பொறுப்பில் ஓடலாம்.

‘இன்ஃபீல்ட்’ என்ற சொல்லை உங்கள் அம்பயர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பேஸ்களை இணைக்கும் கோட்டுக்குள் பந்து இருந்தால் கூவுவது, வெளியே போனால் கூவாமல் விடுவது. இதன் விளைவை இரண்டு ஆட்டங்களில் பார்த்தோம். ஒன்றில் பந்து கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் தள்ளி இறங்கியது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் அதன் நேர் கீழே கிளவை விரித்து, கால் அசையாமல் காத்திருந்தார். கோட்டுக்கு வெளியே என்பதால் அம்பயர் வாயைத் திறக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப் பந்தைக் கீழே விட்டு எடுத்து எறிந்தார், இரண்டு பேர் அவுட். எந்தச் சூழ்ச்சியைத் தடுக்க இந்த விதி வந்ததோ, அதே சூழ்ச்சி விதியின் பெயராலேயே நடந்தது. மற்றோர் ஆட்டம் பிற்பகலில், கச்சான் காற்று ஓங்கி அடித்த நேரம். பந்து, அதை வீசிய பிட்சரின் தலைக்கு மேலே ஏறியது. கோட்டுக்குள் இருக்கிறது என்று ஏறும்போதே கூவிவிட்டார்கள். காற்று அதை முதல் பேஸுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனது. துரத்திய மூன்று பேரில் ஒருவர் கையும் எட்டவில்லை. யாராலும் பிடிக்க முடியாத பந்துக்குப் பேட்டர் அவுட்.

இரண்டு தீர்ப்புக்கும் விதியில் இடமில்லை. புல்தரை எங்கே முடிகிறது, பேஸ் கோடு எங்கே ஓடுகிறது என்பது போன்ற எல்லைகளை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது என்று விதியின் விளக்கமே சொல்கிறது. பேஸ்களின் பக்கம் நிற்கும் ஃபீல்டர் (இன்ஃபீல்டர்) ஒருவர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்தா என்பது ஒன்றுதான் கேள்வி. அந்தச் சாதாரண முயற்சிக்கும் புத்தகத்தின் கடைசியில் பொருள் கொடுத்திருக்கிறார்கள். அந்த லீக்கில், அந்த இடத்தில் ஆடும் சராசரித் திறமையுள்ள ஒருவரின் முயற்சி என்று சொல்லிவிட்டு, மைதானத்தின் நிலையையும் வானிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு என்று சேர்த்திருக்கிறார்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் ஆடி மாதம் அடிக்கிற காற்றுக்கு விதிப்புத்தகத்திலேயே இடம் இருக்கிறது.

காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. பந்தின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ், அதாவது சுமார் 142 முதல் 149 கிராம். ஐந்து வினாடி வானத்தில் நிற்கும்படி தூக்கிய பந்து ஏறக்குறைய 30 மீட்டர் உயரம் போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் அது இறங்குவதற்குள் ஏழெட்டு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பேஸுக்குப் பேஸ் 90 அடி, அதாவது 27.43 மீட்டர். அதில் கால்பங்கைவிட அதிகம் காற்றே இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே பந்து ஏறும்போது கூவுவது இந்தக் கரையில் எப்போதும் தவறு. உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கட்டும். ஃபீல்டர் அதன் கீழே வந்து காலை ஊன்றுகிறாரா, இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறாரா என்று பாருங்கள். ஊன்றிவிட்டால் உடனே, இரண்டு அணிக்கும் கேட்கும்படி உரக்கக் கூவுங்கள். தெளிவாகத் தெரிந்த உடனே அறிவி என்றுதான் விதி சொல்கிறது. தெரிவதற்கு முன்னால் அறிவிக்கச் சொல்லவில்லை.

அம்பயரின் மதிப்பீட்டுக்கு விட்டால் தவறே வராது என்று நாங்கள் வாதாடவில்லை. 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில், செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான ஒற்றை ஆட்ட நாக்அவுட்டில், இடப்பக்க வெளி மைதானமான லெஃப்ட் ஃபீல்டின் உள்ளே வெகுதூரம் போன பந்துக்கு இன்ஃபீல்ட் ஃப்ளை கொடுத்தார்கள். அறிவிப்பும் பந்து கீழே வரும் நேரத்தில்தான் வந்தது. பார்வையாளர்கள் மைதானத்தில் பொருட்களை வீசி, ஆட்டம் 19 நிமிடம் நின்றது. கோடு வைத்துப் பார்க்காமல் சாதாரண முயற்சியை வைத்துப் பார்க்கும்போதும் அம்பயருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை அந்த ஆட்டம் காட்டியது. அந்தப் பயிற்சியைக் கொடுங்கள் என்று கேட்கிறோம். பயிற்சிக்குப் பதிலாகக் கோடு போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பேஸையும் காட்ட வைக்கும் பையின் கதை இதைவிட எளியது, அதனால் இன்னும் வலிக்கிறது. பேஸ் பைகள் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. போன போட்டியில் ஒரு முழ ஆணியால் மணலில் அறைந்து வைத்திருந்தார்கள். மணலில் ஆணி நிற்காது. சறுக்கி வந்த ரன்னரின் கால் பட்டதும் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு பை ஒன்றரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. ரன்னர் பை இருந்த இடத்திலேயே கிடந்தார். ஃபீல்டர் அவரைப் பந்தால் தொட்டார். ‘பேஸ் அங்கே இருக்கிறது, நீ இங்கே இருக்கிறாய்’ என்று அவுட் கொடுத்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த இரண்டாவது ரன்னர், பை எங்கே என்று தெரியாமல் பழைய இடத்தில் வந்து நின்றார். அவருக்கும் அதே தீர்ப்பு.

5.09ஆம் விதி இதற்கென்றே இரண்டு வரி எழுதிவைத்திருக்கிறது. பத்திரமாக வந்து சேர்ந்த ரன்னரின் வேகத்தில் பேஸ் பிடுங்கிக்கொண்டால், அந்தப் பேஸில் அவரை அவுட் ஆக்க முடியாது. அதே ஓட்டத்தில் பின்னால் வருபவர், பை இருந்த புள்ளியைத் தொட்டாலே பேஸைத் தொட்டதாகக் கணக்கு. தொட்டாரா என்பதை அம்பயர் தன் மதிப்பீட்டில் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் புள்ளியை அம்பயர் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது, செலவும் இல்லை. பழைய வலைக் கயிற்றில் ஒரு சாண் நீளத்தில் பத்துப் பதினைந்து இழை வெட்டி, ஒரு முனையைச் சேர்த்துக் கட்டிக் குஞ்சமாக்குங்கள். பை வைக்கும் இடத்தின் நடுவில், முடிச்சு அடியில் போகும்படி புதைத்து, நுனி மட்டும் மணலுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரியும்படி விடுங்கள். நீலமோ ஆரஞ்சோ, மணலில் பளிச்சென்று தெரியும் நிறமாக இருக்கட்டும். பை பறந்தாலும் குஞ்சம் இடத்திலேயே நிற்கும். காலில் மிதிபட்டாலும் காயம் வராது. செங்கல்லோ கட்டையோ புதைக்க வேண்டாம், சறுக்கும் பிள்ளையின் கணுக்கால் போய்விடும். பையைப் பிணைக்க, சிமெண்டுச் சாக்கில் ஈரமணலை நிரப்பி வாயைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் படுக்க வைத்துப் புதையுங்கள். அதிலிருந்து நான்கு நைலான் கயிறுகளை மேலே கொண்டுவந்து பையின் நான்கு மூலையில் இழுத்துக் கட்டுங்கள். கயிறு தளர்ந்திருக்கிறதா என்று இன்னிங்ஸ் மாறும்போதெல்லாம் ஒருவர் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். மணலில் நங்கூரம் பாய்ச்சத் தெரிந்த ஆட்கள் இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கூப்பிட்டிருந்தால் வந்து கட்டிக்கொடுத்திருப்பார்கள்.

பால்க் விஷயத்துக்கு வருவோம். ரன்னர் பேஸில் இருக்கும்போது பிட்சர் வீசுவதற்கு முன் முழுதாக நிற்க வேண்டும். நிற்காமல் வீசினால் பால்க், ரன்னர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னேறுவார்கள். காற்றில் சட்டை படபடத்ததையும், பொலபொலத்த மணலில் ஊன்றிய கால் அரை அங்குலம் இறங்கியதையும் அசைவு என்று எழுதிக்கொண்டு, ஒரே பிட்சருக்கு ஒரே இன்னிங்ஸில் மூன்று பால்க் கொடுத்தார்கள். இந்த விதியின் நோக்கம் பிட்சர் வேண்டுமென்றே ரன்னரை ஏமாற்றாமல் தடுப்பது, சந்தேகம் வந்தால் பிட்சரின் நோக்கத்தைப் பார்த்து முடிவு செய் என்று 6.02ஆம் விதியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. காற்றில் ஆடும் சட்டை யாரை ஏமாற்றும்?

கடற்கரை மைதானத்தில் இது புதிதும் இல்லை. 1961 ஜூலை 11 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் இருந்த கேண்டில்ஸ்டிக் பார்க்கில், ஆல் ஸ்டார் ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் பிட்சர் ஸ்டூ மில்லர் காற்றில் தள்ளாடியதற்குப் பால்க் கொடுத்தார்கள். காற்று அவரை, பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டை விட்டே தூக்கி வீசியது என்று பிறகு ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். நடந்தது ஒரு தள்ளாட்டம், அவ்வளவே. அன்றைய அம்பயர் கொடுத்தது எழுத்துப்படி சரி என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் எழுத்தை இன்னும் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1988 சாட்சி. அந்த ஆண்டு அமெரிக்க மேஜர் லீக்கில், கண்ணுக்குத் தெரியும்படி முழுதாக நிற்க வேண்டும் என்று சொற்களைக் கடுமையாக்கிக் கறாராக அமல்படுத்தினார்கள். 924 பால்க் விழுந்தது, முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. ஆட்டம் அடிக்கடி நின்றதைத் தவிர வேறு பயன் இல்லாததால், அடுத்த ஆண்டே பழைய சொற்களுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சட்டை எண்ணைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. முதுகு எண் குறைந்தது ஆறு அங்குலம் இருக்க வேண்டும். ஸ்கோர் எழுதுபவரும் அம்பயரும் ஆளை அடையாளம் காணத்தான் அது. ஐந்து அங்குல எண் போட்டிருந்த இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு ஏழு பேரோடு அந்த அணி எப்படி ஆடும்? ஒன்பது பேரை இறக்க முடியாத அணி ஆட்டத்தையே இழக்கும். வெள்ளை டேப்பைக் கிழித்து எண்ணைப் பெரிதாக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் கொடுக்கவில்லை.

நீங்கள் நிறுத்திய கூட்டம் விதிப்புத்தகம் விதித்த கூட்டம். 4.05ஆம் விதியின்படி, அந்த மைதானத்துக்குத் தேவையான தனி விதிகளை உள்ளூர் அணியின் மேலாளர் முன்வைக்க வேண்டும். எதிரணி ஒப்புக்கொள்ளாவிட்டால் தலைமை அம்பயரே வகுக்க வேண்டும், பொது விதிக்கு முரண்படாமல். நம் மைதானங்களில் இது இல்லாமல் ஆடவே முடியாது. ஒரு பக்கம் சீமைக் கருவேலம் புதர், பந்து போனால் முள்ளுக்குள் கைவிட வேண்டும். இன்னொரு பக்கம் உலர்த்தப் போட்ட வலை, அதில் பந்து சிக்கினால் எடுக்கவே ஒரு நிமிடம் ஆகும். ரைட் ஃபீல்டில் பனைமரம், பந்து பனைமட்டையில் செருகிக்கொண்டு கீழே வராமலே இருந்ததும் உண்டு. வலையில் சிக்கினால் இரண்டு பேஸ், புதருக்குள் உருண்டு போனால் இரண்டு பேஸ், பனையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும், ஆடு குறுக்கே வந்தால் அம்பயர் கை தூக்கி நிறுத்துவார் என்று ஹோம் பிளேட் அருகே நின்று பேசி முடிக்கப் பத்து நிமிடம் போதும். போன முறை அதைப் பேசாததால், வலைக்குள் கிடந்த பந்தை ஃபீல்டர் பிய்த்து எடுப்பதற்குள் பேட்டர் நான்கு பேஸும் சுற்றிவந்தார். அந்த ரன்னுக்காக மூண்ட சண்டையைத் தீர்க்க அரை மணி நேரம் போனது. வலை கிழிந்த மீனவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முறையீடு கேட்கமாட்டோம் என்ற மூன்றாவது முடிவிலும் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பியிருக்கிறீர்கள். வீசிய பந்து ஸ்டிரைக்கா, விலகிப்போன ‘பால்’ என்பதா, ரன்னர் சேஃபா அவுட்டா என்பது அம்பயரின் கண் பார்த்துச் சொல்வது. அதில் அவர் சொன்னதே முடிவு, நாங்களும் பிள்ளைகளை வாயைத் திறக்க விடுவதில்லை. விதியையே தவறாகப் பொருத்திவிட்டார் என்று நியாயமான சந்தேகம் வந்தால், மேலாளர் அந்த அம்பயரிடமே போய்ச் சரியான தீர்ப்பைக் கேட்கலாம் என்று 8.02ஆம் விதி இடம் தருகிறது. மட்டையும் பேஸ் பையும் இந்த இரண்டாவது வகை. பத்து நிமிடம் ஆட்டத்தை நிறுத்திப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது, பிறகு ஆட்டத்தையே திரும்ப ஆடுவதைவிட மேல் என்று அம்பயர்களுக்கான பொது அறிவுரையிலேயே இருக்கிறது.

எழுத்துக்கு எழுத்து என்பது நடத்துபவர்களுக்கும் பொருந்தும். மவுண்ட் 10 அங்குல உயரம் இருக்க வேண்டும். பிட்சர் காலை ஊன்றும் ரப்பர் பலகைக்கு ஆறு அங்குலம் முன்னால் தொடங்கி, ஆறு அடி தூரம், அடிக்கு ஓர் அங்குலமாகச் சரிய வேண்டும். போன முறை மணலைக் குவித்துத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸிலேயே பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் கால் இறங்கியதற்குத்தான் மேலே சொன்ன பால்க். கண்மாய்க் கரம்பை மண் போட்டிருந்தால் இது வந்திருக்காது. பிட்சரின் கால் விழும் இடத்தில் நான்கு அடி அகலம், ஆறு அடி நீளம், அரை அடி ஆழம் தோண்டினால் 12 கன அடி. இரண்டு பேட்டர் கட்டங்களும் அதே அளவுதான், ஆளுக்கு 12 கன அடி. மொத்தம் 36. ஒரு டிராக்டர் நடை கரம்பையில் இதை முடித்துவிட்டு மீதியும் இருக்கும். கட்டியை உடைத்துப் போட்டு, இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை நனைத்துத் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கி, ஓர் இரவு ஆறவிட்டால் மறுநாள் கால் பதியாது. ஒரே நடையாகக் கொட்டி மேலே மட்டும் நனைத்தால் அடி இறுகாமல் பெயர்ந்துவிடும். பிட்சருக்குக் கை வழுக்காமல் இருக்கப் பிசின் பொடி நிறைந்த ரோசின் பை வைக்க வேண்டியதும், கோடுகளைச் சுண்ணாம்பால் தெளிவாக இட்டிருக்கிறார்களா என்று ஆட்டத்துக்கு முன் பார்க்க வேண்டியதும் அம்பயரின் கடமையாக அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் அறிவிப்புக்குக் காரணம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அனுசரித்துப் போவது என்ற பெயரில் சொந்த ஊர் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னவர்கள் எங்களிலும் இருந்திருக்கிறார்கள். அது தவறு. அதை அடக்க நீங்கள் எண்ணியது சரி. அதனால்தான் எங்கே எழுத்து நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பேஸைத் தொடாமல் போன ரன்னருக்கு இரக்கம் கூடாது. மூன்று ஸ்டிரைக் என்றால் மூன்று. ஹெல்மெட் இல்லாமல் யாரும் மட்டை பிடிக்கக் கூடாது, ‘ஒரே ஒரு பந்துதான் சார்’ என்று கேட்டாலும் கூடாது.

இந்த எழுத்தையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் அமல்படுத்த வேண்டும். 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில், வெற்றி ரன் வந்துவிட்டது என்று நினைத்து நியூயார்க் அணியின் ஃபிரெட் மெர்க்கிள் இரண்டாம் பேஸைத் தொடாமல் திரும்பிவிட்டார். அக்காலத்தில் ஆட்டம் முடிந்தால் ரன்னர்கள் அப்படித் திரும்புவதுதான் வழக்கம், அம்பயர்களும் விட்டுவிடுவார்கள். சிகாகோ அணி முறையிட்டது, அவுட் கொடுத்தார்கள், ஆட்டம் 1க்கு 1 என்று சமனானது. திரும்ப ஆடியதில் சிகாகோ வென்று அந்த ஆண்டின் லீக் பட்டத்தையும் கொண்டுபோனது. விதிப்படி தீர்ப்பு சரிதான். ஆனால் அதே அம்பயருக்கு 19 நாள் முன்பு பிட்ஸ்பர்க்கில் இதே முறையீடு வந்திருந்தது. இனி இதைக் கறாராகப் பார்ப்போம் என்று அந்த 19 நாளில் எல்லா அணிக்கும் சொல்லியிருந்தால், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஆயுள் முழுக்க அந்தப் பழியைச் சுமந்திருக்க மாட்டான். நம் பிள்ளைகளுக்கு அதைவிடச் சின்ன வயது.

நாங்கள் கேட்பவை இவை. எழுத்துக்கு எழுத்து என்ற அறிவிப்பைத் திரும்பப் பெற்று, விதிகளை அவற்றின் விளக்கங்களோடும் குறிப்புகளோடும் சேர்த்தே அமல்படுத்துவோம் என்று புது அறிவிப்பு கொடுங்கள். மட்டைக்காக அவுட் ஆக்கிய ஆட்டத்திலும், பை பிடுங்கியதற்கு இரண்டு பேரை அவுட் ஆக்கிய ஆட்டத்திலும் தவறு நடந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். முடிவை மாற்ற வேண்டாம். அந்தப் பிள்ளைகள் கையில் அந்தக் காகிதம் இருந்தால் போதும். மைதான விதிகளைப் பேசும் பத்து நிமிடத்தை அட்டவணையிலேயே சேர்த்து, பேசியதை ஒரு தாளில் எழுதி இரண்டு மேலாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மட்டை, சட்டை, ஹெல்மெட் எல்லாவற்றையும் ஆட்டம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன்பே அளந்து முடியுங்கள். குறை இருந்தால் சரிசெய்ய நேரம் கொடுங்கள். 8.02 தரும் முறையீட்டைத் திரும்பக் கொடுங்கள். ஒவ்வொரு மைதானத்திலும் விதிப்புத்தகம் ஒன்று ஸ்கோர் மேஜையில் இருக்கட்டும். பேஸ் பைகளுக்கு மணல் மூட்டையும் குஞ்சமும், மவுண்டுக்குக் கரம்பையும் உங்கள் செலவுக் கணக்கில் சேருங்கள். வேலை செய்ய ஆள் நாங்கள் தருகிறோம்.

கடைசியாக, அடுத்த போட்டிக்கு முன் அம்பயர்களை ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, காற்று ஓங்கும் நேரமாகப் பார்த்து, எங்கள் மைதானம் ஏதாவது ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள். ஐம்பது பந்துகளைத் தூக்கி அடிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எப்போது கூவ வேண்டும், கூவ வேண்டுமா என்று அவர்கள் நின்று பழகட்டும். தேதியை நீங்களே சொல்லுங்கள். அட்டவணை வெளியாவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பேஸ்பால் பயிற்சியாளர்கள், ஸ்கோரர்கள்